அவசரமாக மேலே வந்தாயிற்று, அப்புறம்?

#1 செந்தூல்வாசி | வெள்ளி, இரவு 9.12

வணக்கம். அடுத்த மாதம் ஒரு சிறு குழுவாக மலேசியக் கிழக்குக் கரையில் உள்ள பெர்ஹெந்தியான் தீவுக்கு முக்குளிக்க (ஸ்கூபா டைவிங்) போகிறோம். நான், என் தம்பி, அவன் அலுவலக நண்பர்கள் இருவர். எல்லோரிடமும் ஓப்பன் வாட்டர் என்னும் அடிப்படை முக்குளிப்புச் சான்றிதழ் இருக்கிறது.

காற்று தீர்ந்துபோனால் எப்படி மேலே வருவது என்பதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். ரெகுலேட்டரை (டேங்க் காற்றை வாய்க்குத் தரும் கருவியை) வாயிலிருந்து எடுக்காதே, ஆ என்று சத்தம் கொடுத்து மூச்சை விட்டுக்கொண்டே வா, மேலே பார். அதெல்லாம் மனதில் நிற்கிறது. ஆனால் தலை தண்ணீருக்கு வெளியே வந்ததோடு அந்தப் பாடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. போன பயணத்தில் தம்பியின் ரெகுலேட்டரிலிருந்து காற்று அடங்காமல் பீறிட்டு, பதினாறு மீட்டர் ஆழத்திலிருந்து எங்கும் நிற்காமல் மேலே வந்துவிட்டான். வழிகாட்டி அவனைப் படகில் ஏற்றி, "தலை சுற்றுகிறதா? இல்லையா? சரி, சாப்பிட்டுவிட்டு மதியம் இறங்கலாம்" என்றாராம். மதியம் இறங்கியும் இருக்கிறான். "ஒன்றும் ஆகவில்லையே அக்கா" என்பதுதான் இன்றுவரை அவன் பதில். எனக்கு அது பதிலாகப் படவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வடக்குக்கரை | வெள்ளி, இரவு 10.05

நல்ல கேள்வி தங்கச்சி. பினாங்கில் முக்குளிப்பு சொல்லிக்கொடுக்கிறேன், என் மாணவர்களிடம் நானே வலியப் பேசும் விஷயம் இது.

முதலில் தண்ணீரின் மேற்பரப்பு. மேலே வந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று மனம் தளர்ந்துவிடும். காற்று தீர்ந்து வந்தவருக்கு மூச்சு இரைக்கும், கால் சோர்ந்திருக்கும், பிசிடி-யில் (காற்றடைத்து மிதக்க வைக்கும் மேலங்கியில்) காற்று இருக்காது. பொத்தானை அழுத்தினால் எதுவும் வராது, ஏனென்றால் டேங்க் காலி. அப்படியே மறுபடி கீழே போனவர்கள் உண்டு. ஆகவே மேலே வந்த அந்த நிமிடமே பிசிடி-யை வாயால் ஊதி நிரப்ப வேண்டும். ஊத மூச்சு இல்லையென்றால் வெயிட் பெல்ட்டைக் கழற்றி விட்டுவிடுங்கள். பெல்ட்டின் விலையை அப்போது நினைக்கக் கூடாது. உயிரிழந்த முக்குளிப்பாளர்கள் பலரின் இடுப்பில் வெயிட் அப்படியே இருந்ததாக விபத்து ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மிதப்பது உறுதியான பிறகுதான் மற்றதெல்லாம்.

அலை அடித்தால் முகக்கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். படகுக்குச் சைகை காட்டுங்கள், விசில் ஊதுங்கள், நீளமான ஆரஞ்சு மிதவை இருந்தால் ஊதி நிமிர்த்துங்கள். நீந்திப் படகைப் பிடிக்க முயல வேண்டாம், படகு உங்களிடம் வரட்டும். 2022 ஏப்ரலில் மெர்சிங் கடலில் தோக்கோங் சங்கோல் அருகே மேலே வந்த நால்வர் படகைக் காணாமல் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டதையும், அவர்களில் ஒரு சிறுவன் உயிரோடு திரும்பாததையும் நாம் எல்லோரும் செய்தியில் படித்தோம். மேலே வந்தவர் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவு முக்கியம்.

படகில் ஏறும்போது டேங்க், பிசிடி எல்லாவற்றையும் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு ஏறுங்கள். ஏன் என்பதை மருத்துவம் தெரிந்தவர் யாராவது சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

#3 கடல்நண்டு | வெள்ளி, இரவு 10.31

இதை நாம் கொஞ்சம் அதிகமாகப் பெரிதுபடுத்துகிறோமோ என்று தோன்றுகிறது. பதினாறு மீட்டர், டைவின் தொடக்கம், நல்ல உடல்நிலை. மேலே வரும் வழியில் சற்று நேரம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப் என்பதே கட்டாயம் கிடையாது, பரிந்துரைதான். அறிகுறி இல்லாத ஒருவரை நாள் முழுக்க உட்கார வைப்பது எதற்கு? கோலாலம்பூரிலிருந்து இரவெல்லாம் வண்டி ஓட்டி, படகு ஏறி, பணம் கட்டிப் போகிறோம்.

#4 அவசரப்பிரிவு | வெள்ளி, இரவு 11.48

பினாங்கில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன், முக்குளிக்கவும் செய்கிறேன். கடல்நண்டு தம்பி கேட்பது நியாயமான கேள்விதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். யாரையும் நேரில் பார்க்காமல் நோய் கணிக்க முடியாது, இது பொதுவான விளக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகமாக மேலே வருவதால் வரும் கேடு இரண்டு வகை. இரண்டும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன.

முதலாவது நுரையீரல் சம்பந்தப்பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தாலோ, நுரையீரலின் ஏதோ ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொண்டாலோ, அந்தக் காற்று விரிந்து திசுவைக் கிழிக்கும். கிழிந்த இடத்திலிருந்து காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வந்தவர் போலவே ஆகிவிடுவார். நினைவு தப்பும், வலிப்பு வரும், ஒரு பக்கம் கை கால் விழும், பேச்சு குழறும், பார்வை மங்கும். பெரும்பாலும் மேலே வந்த பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். காற்று மூளைக்குப் போகாமல் நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்தால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குரல் மாறுவது, கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்று உணர்வது, இருமலில் ரத்தம். இதற்கு ஆழம் தேவையில்லை. நீச்சல் குளத்தில், ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் டேங்க் காற்றை இழுத்து மூச்சைப் பிடித்தபடி எழுந்தவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஆகவே "ஆழம் குறைவுதானே" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இரண்டாவது, நாம் பெண்ட்ஸ் என்று சொல்வது. அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறைந்தால் குமிழியாக வெளியேறுகிறது. மேலே வந்த அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்தான் ரத்தத்தில் குமிழிகள் உச்சத்துக்குப் போகும். அறிகுறி பலருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் தெரியும், சிலருக்கு இரவில், மிகச் சிலருக்கு மறுநாள். அதனால் படகில் ஏறிய உடனே "தலை சுற்றுகிறதா" என்று ஒரு கேள்வி கேட்டு முடித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. அந்த நேரத்தில் இரண்டாவது கடிகாரம் ஓடவே ஆரம்பித்திருக்காது.

டேங்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறச் சொன்னது மிகச் சரி. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறவியிலிருந்தே மூடாத ஒரு சிறு துளை இருக்கிறது, அவர்களில் பலருக்கு அது தெரியாது. பாரம் தூக்கி முக்கும்போது அந்தத் துளை திறந்து, நுரையீரல் வடிகட்டியிருக்க வேண்டிய குமிழிகள் நேராகத் தமனிப் பக்கம் போய்விடலாம். அன்று முழுக்க டேங்க் தூக்குவது, நங்கூரக் கயிறு இழுப்பது, ஜிம், ஓட்டம் எதுவும் வேண்டாம். சூடான ஷவர், பீர் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

#5 முத்துநகரான் | சனி, காலை 7.20

எனக்கு முக்குளிப்பு தெரியாது, பேரன் போகிறான் என்பதால் படிக்கிறேன். ஒரு சந்தேகம். எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி. அங்கே சங்கு குளிக்கிறவர்கள் காலங்காலமாக மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே மேலே வருகிறார்கள்? அவர்களுக்கு நுரையீரல் கிழியவில்லையே. பிள்ளைகளுக்கு மட்டும் மூச்சைப் பிடிக்காதே என்று ஏன் இவ்வளவு கண்டிப்பு?

#6 மீன்கொத்தி | சனி, காலை 8.02

ஐயா, நல்ல கேள்வி. பலரும் குழம்பும் இடம் இதுதான்.

சங்கு குளிப்பவர் மூச்சை எடுப்பது தண்ணீருக்கு மேலே. ஆறு லிட்டர் காற்றோடு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு, அந்த ஆறு லிட்டர் இரண்டு லிட்டராகச் சுருங்கும். மேலே வரும்போது பழையபடி ஆறு லிட்டராகும், அதற்கு மேல் போகாது. உங்கள் பேரன் மூச்சை எடுப்பது இருபது மீட்டர் ஆழத்தில், டேங்கிலிருந்து. அங்கேயே ஆறு லிட்டர் நிறைய இழுத்துவிட்டு மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், அது பதினெட்டு லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் கிடையாது. அதனால்தான் மூச்சை விட்டுக்கொண்டே வரச் சொல்கிறார்கள்.

இன்னொன்று: காற்று மிக வேகமாக விரிவது கடைசி பத்து மீட்டரில்தான். பத்து மீட்டரிலிருந்து மேற்பரப்புக்குள் காற்று இரண்டு மடங்காகிவிடும். பயந்து வருபவர்கள் வெளிச்சம் தெரிந்ததும் வேகமெடுப்பதும் அதே பத்து மீட்டரில்தான்.

#7 முத்துநகரான் | சனி, காலை 8.15

புரிந்தது அம்மா. பேரனுக்கும் இதை அப்படியே சொல்கிறேன்.

#8 கடல்நண்டு | சனி, காலை 10.44

டாக்டர் அண்ணா சொன்ன இரண்டு கடிகாரக் கணக்கு எனக்குப் புதிது, நன்றி. அப்படியானால் இன்னொரு கேள்வி. நிற்காமல் வந்துவிட்டோம், உடனே வேறொரு டேங்கை மாட்டிக்கொண்டு ஐந்து மீட்டருக்கு இறங்கி, விட்டுப்போன ஸ்டாப்பை முடித்துவிட்டால் சரியாகிவிடாதா? ரெடாங் தீவில் ஒரு மூத்த டைவர் அப்படித்தான் செய்யச் சொன்னார்.

#9 வடக்குக்கரை | சனி, காலை 11.30

கூடாது தம்பி. இந்த இழையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்: அவசரமாக மேலே வந்தவர் மறுபடி கீழே இறங்கக் கூடாது.

காரணம் சொல்கிறேன். மேலே வந்த பிறகு உருவான குமிழிகள் சிரை ரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்கு வந்து அங்கே சிக்கி, மெல்லக் கரைந்து வெளியேறும். மறுபடி இறங்கினால் அவை நசுங்கிச் சிறிதாகி, வடிகட்டியைத் தாண்டித் தமனிப் பக்கம் போய்விடலாம். திரும்ப ஏறும்போது அங்கேயே பெரிதாகும். அது ஒன்று. இரண்டாவது, கீழே இருக்கும்போது வலிப்பு வந்தாலோ கை கால் விழுந்தாலோ யார் பிடிப்பது? கடற்படைகளின் நடைமுறையில் சில நிலைமைகளில் மறுபடி இறக்குவது உண்டு என்பது உண்மை. அவர்களிடம் மருத்துவக் குழு இருக்கும், அழுத்த அறை (நோயாளியை மறுபடி அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் அறை) தயாராக இருக்கும். நம் படகில் இருப்பது நாசி லெமாக் பொட்டலமும் முதலுதவிப் பெட்டியும்.

ஸ்டாப் கட்டாயமாகியிருந்த டைவில் அதைச் செய்யாமல் வந்துவிட்டால் பாடி (PADI) என்னும் முக்குளிப்புப் பயிற்சி அமைப்பு சொல்வது இதுதான்: தண்ணீருக்கு வெளியே இரு, ஓய்வெடு, ஆக்சிஜன் இருந்தால் சுவாசி, அறிகுறி தெரிகிறதா என்று கவனி, 24 மணி நேரம் முக்குளிக்காதே. செந்தூல்வாசியின் தம்பிக்கு ஸ்டாப் கட்டாயம் இல்லாமல் இருந்திருக்கலாம், அது ஆழத்தையும் நேரத்தையும் பொறுத்தது. ஆனால் எவ்வளவு வேகத்தில் வந்தான், மூச்சை எங்கே பிடித்தான் என்று யாருக்கும் தெரியாதபோது நான் அந்த 24 மணி நேரத்தைத்தான் எடுத்துக்கொள்வேன்.

#10 ஈரத்துண்டு | சனி, மதியம் 1.17

பெண்ட்ஸ் என்றதும் எல்லோரும் சினிமாவில் வருவது போல மனிதன் துடித்து விழுவான் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் பார்த்தது வேறு மாதிரி. தியோமான் தீவில் எங்கள் குழுவில் ஒருவர், முகக்கண்ணாடியில் தண்ணீர் புகுந்து பதறி மேலே வந்தார். மாலை வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வலது தோள் வலிக்கிறது என்றார். டேங்க் தூக்கியதால் இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு கோடாலித் தைலம் தேய்த்து, வலி மாத்திரை போட்டுப் படுத்தார். காலையில் அதே கையில் விரல்கள் மரத்திருந்தன, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அப்புறம்தான் ஓட ஆரம்பித்தோம். பிழைத்துக்கொண்டார், கை சரியாகி வர நாளாயிற்று.

அவர் மனைவி எங்களைக் கேட்டது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது: "அவர் அவசரமாக மேலே வந்ததை என்னிடம் ஏன் யாருமே சொல்லவில்லை? ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தவள் நான்தானே?"

#11 அவசரப்பிரிவு | சனி, மாலை 4.40

அந்தச் சகோதரி கேட்டதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அவசரமாக மேலே வந்தவர் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. டைவ் மாஸ்டரிடம், கூட வந்தவர்களிடம், அறையில் உடன் தங்குபவரிடம் சொல்ல வேண்டும். பெண்ட்ஸின் முதல் அறிகுறி மறுப்பு என்று டைவிங் மருத்துவர்கள் சொல்வதுண்டு. தோள் வலிக்கு டேங்க், சோர்வுக்கு வெயில், அரிப்புக்கு ஜெல்லி மீன், தலைசுற்றலுக்குப் படகு. எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கையில் கிடைக்கும்.

அதனால் உடன் இருப்பவர் செய்யக்கூடிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து நிமிடம் போதும். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள். தலையை அசைக்காமல் உங்கள் விரலைக் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? நாக்கு நேராக நீள்கிறதா? உங்கள் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இரண்டு பக்கமும் ஒரே பலமா என்று பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி இரு பக்கமும் கன்னம், கை, கால் எல்லாம் லேசாகத் தொடுங்கள், உணர்ச்சி ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். தரையில் இருந்தால் குதிகாலும் விரலும் தொடும்படி ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். நேரத்தோடு எழுதி வையுங்கள். சற்று நேரம் விட்டு மறுபடி செய்யுங்கள். மாற்றம் தெரிந்தால் அதுவே மருத்துவருக்குப் பெரிய தகவல்.

சிறுநீர் போகிறதா என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. போக வேண்டும் போல இருந்தும் போக முடியவில்லை என்றால் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கலாம். மார்பிலும் வயிற்றிலும் பளிங்குக்கல் போல நீலமும் சிவப்பும் கலந்த திட்டுகள் வந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

ஆக்சிஜனைப் பற்றி. அறிகுறி ஏதாவது இருந்தால் கேள்வியே இல்லாமல் நூறு விழுக்காடு ஆக்சிஜன், உடனே. மல்லாக்கப் படுக்க வைத்து, நினைவில்லை என்றால் பக்கவாட்டில் படுக்க வைத்து, நன்றாகப் பொருந்தும் முகமூடியில் கொடுங்கள். காலைத் தூக்கித் தலையைத் தாழ்த்துவது பழைய முறை, இப்போது சொல்வதில்லை. நினைவோடு இருந்து வாந்தி இல்லையென்றால் சாதாரணத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. ஆக்சிஜன் கொடுத்ததும் வலி போய்விடலாம். போனாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மூளைக்குக் காற்று போனவர்களில் சிலர் தெளிந்து உட்கார்ந்து பேசிவிட்டு மறுபடி மோசமாவதுண்டு.

மூச்சோடு தண்ணீரை உள்ளே இழுத்துவிட்டவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. நிற்காத இருமல், ஏறிக்கொண்டே போகும் மூச்சிரைப்பு இருந்தால் அது குமிழி சம்பந்தப்படாததாக இருக்கலாம், ஆனாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

#12 படகுத்துறை | சனி, மாலை 6.25

ஆக்சிஜன் என்று எல்லோரும் சொல்கிறோம். படகில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட வேண்டும். 400 லிட்டர் சிலிண்டர் என்றால் அரை மணி நேரம்கூட வராது. பெர்ஹெந்தியானிலிருந்து கோலா பெசுட் துறைக்கு வேகப்படகில் அரை மணிக்கு மேல் ஆகும், அதற்கு மேல் தரைப்பயணம் வேறு. முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: ஆக்சிஜன் படகிலேயே இருக்கிறதா, கரையில் பூட்டிய அலமாரியில் இருக்கிறதா? சிலிண்டர் எத்தனை லிட்டர், கடைசியாக எப்போது நிரப்பியது? அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்றவர் படகில் யார்? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

#13 செந்தூல்வாசி | சனி, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. அழுத்த அறை சிகிச்சை என்கிறீர்களே, அது நம் நாட்டில் எங்கே இருக்கிறது? பெர்ஹெந்தியானில் ஏதாவது ஆனால் நாங்கள் எங்கே ஓடுவது? நேராகக் கோலாலம்பூருக்கு விமானம் பிடிக்கலாமா?

#14 வடக்குக்கரை | சனி, இரவு 9.36

விமானம் வேண்டவே வேண்டாம். விமான அறைக்குள் அழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போல வரை குறையலாம். இருக்கிற குமிழி இன்னும் பெரிதாகும். அறிகுறியே இல்லாத சாதாரண டைவுக்குப் பிறகே, ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். கட்டாய ஸ்டாப் இருந்த டைவ் என்றால் அதைவிடக் கூடுதல். அவசரமாக வந்தவர் 24 மணி நேரத்துக்கும் மேல் வைத்துக்கொள்வதே நல்லது.

நம்மில் பலர் மறப்பது மலைப்பாதையை. விமானத்துக்குச் சொல்லும் அதே காத்திருப்பு 600 மீட்டருக்கு மேலான எந்த உயரத்துக்கும் பொருந்தும். பினாங்கிலிருந்து போகிற நாங்கள் ஜெலி, கிரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில்தான் திரும்புகிறோம். தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டும் இடம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். காலையில் கடைசி டைவ், மதியம் படகு, மாலையில் மலை உச்சியில் தேநீர் என்று திட்டம் போடுகிறார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் காராக் வழியாக வரும்போது அப்படியே கெந்திங் மலைக்கு ஏறிவிட்டுப் போகலாம் என்பார்கள், அது 1,800 மீட்டர். கடைசி நாளைத் தண்ணீரில் இறங்காமல் கடற்கரையில் கழித்தால் இந்தச் சிக்கலே இல்லை.

#15 அவசரப்பிரிவு | சனி, இரவு 10.58

அழுத்த அறை பற்றி. தீபகற்பத்தில் நாம் முதலில் நினைக்க வேண்டியது லூமுட் கடற்படைத் தளத்தில் உள்ள ராணுவ மருத்துவமனை. ஆனால் யாரும் நேராக வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்க வேண்டாம். தீவிலிருந்து கரைக்கு வந்ததும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள், பெர்ஹெந்தியான் பக்கம் என்றால் ஜெர்த்தேயில் இருக்கும் பெசுட் மருத்துவமனை. 999 கூப்பிட்டு "முக்குளிப்பு விபத்து" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கடலில் இருந்து மீட்க வேண்டுமானாலும் அதே எண்ணில் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குத் தகவல் போகும். முக்குளிப்பாளர் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க்கின் 24 மணி நேர அவசர எண் +1-919-684-9111. உங்களுக்கு முன்னால் இருக்கும் மருத்துவருக்கு டைவிங் மருத்துவம் பழக்கம் இல்லாவிட்டால் அந்த எண்ணில் மருத்துவரோடு மருத்துவர் பேசலாம். அறை தயாரா என்று கேட்டு, அவர்கள் சொன்ன பிறகுதான் நோயாளியை நகர்த்த வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. கிழக்குக் கரையிலிருந்து லூமுட்டுக்கு நேர் வழி வடக்குக்கரை அண்ணன் சொன்ன அதே மலைச்சாலை. குமிழி உள்ள நோயாளியை அந்த உயரத்துக்கு ஏற்றுவதும் கெடுதல், அறைக்குப் போகாமல் தாமதிப்பதும் கெடுதல். வழி நெடுக ஆக்சிஜன் ஓடுகிறதா, நோயாளி எப்படி இருக்கிறார், சுற்றுவழி எத்தனை மணி நேரம், ஹெலிகாப்டர் 300 மீட்டருக்குள் தாழப் பறக்க முடியுமா என்றெல்லாம் பார்த்து மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். அந்த முடிவை வாடகை வண்டி ஓட்டுநரிடமும் நண்பர்களிடமும் விடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அறைக்குள் பொதுவாக 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வருவார்கள். வழக்கமான அட்டவணை ஏறத்தாழ ஐந்து மணி நேரம். சிலருக்கு மறுநாளும் தேவைப்படும். சீக்கிரம் போனவர்களுக்குப் பலன் நன்றாக இருக்கும். தாமதமாகிவிட்டது என்று போகாமல் இருக்கவும் வேண்டாம், ஓரிரு நாள் கழித்துப் போனவர்களுக்கும் குணம் தெரிந்திருக்கிறது.

காப்புறுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் முக்குளிப்பு சேராது.

#16 கடல்நண்டு | ஞாயிறு, காலை 9.10

முழுக்க மறுபடி படித்தேன். மூச்சை ஒழுங்காக விட்டு, நிதானமான வேகத்தில் வந்து, சேஃப்டி ஸ்டாப் மட்டும் விட்டுப்போன டைவும், பதறி ஒரே பாய்ச்சலில் வந்த டைவும் ஒன்றில்லை என்று இன்னும் நினைக்கிறேன். முதலாவதற்கு நீண்ட ஓய்வும் கண்காணிப்பும் போதும் என்பது என் கருத்து. ஆனால் பதறி வந்தவருக்குத் தான் எப்படி வந்தோம் என்று தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆழத்தையும் நேரத்தையும் பதிந்து கணக்குச் சொல்லும் டைவ் கம்ப்யூட்டரின் பதிவைப் பார்க்காமல் "நிதானமாகத்தான் வந்தேன்" என்று சொல்வது நம்பத்தக்கதில்லை.

அப்புறம், மேலே கூட்டி வந்த கூட்டாளியைப் பற்றி நாம் யாருமே பேசவில்லை. தன் மாற்று ரெகுலேட்டரைக் கொடுத்து அதே வேகத்தில் அவரும்தானே வந்திருக்கிறார்?

#17 மீன்கொத்தி | ஞாயிறு, காலை 9.55

மிகச் சரியாகப் பிடித்தீர்கள். இருவருக்கும் ஒரே விதி. உதவியவர் பெருமையாக அடுத்த டைவுக்குப் போவதும், உதவி பெற்றவர் மட்டும் போர்வைக்குள் உட்காருவதும் நான் பார்த்திருக்கிறேன். அவருக்கும் சோதனை, அவருக்கும் ஓய்வு.

கருவிகளையும் உடனே கழுவி அடுக்கிவிடாதீர்கள். டேங்க் வால்வை மூடினால் எத்தனை சுற்று வந்தது, அழுத்தமானி என்ன காட்டியது என்று எழுதி, படம் எடுத்து, ரெகுலேட்டரைத் தனியாக வையுங்கள். பழுது பார்க்கும் முன் அதை வேறு யாருக்கும் வாடகைக்குக் கொடுக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போனால் டைவ் கம்ப்யூட்டர் நோயாளியோடு போக வேண்டும். அதில் இருக்கும் ஆழமும் நேரமும் மருத்துவருக்குத் தேவை.

#18 செந்தூல்வாசி | ஞாயிறு, இரவு 9.20

தம்பியை உட்கார வைத்து முழு இழையையும் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அன்றைய பதிவைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தான். பதினாறு மீட்டரிலிருந்து அரை நிமிடத்துக்குள் வந்திருக்கிறான். நிமிடத்துக்கு 18 மீட்டர் என்ற பழைய வரம்பையே தாண்டிய வேகம். இப்போது பரிந்துரைப்பதோ நிமிடத்துக்கு 9 மீட்டர். அதைப் பார்த்த பிறகு "ஒன்றும் ஆகவில்லையே" என்பதை அவன் சொல்லவில்லை.

படகுத்துறை சொன்ன மூன்று கேள்விகளையும் இரண்டு மையங்களுக்கு அனுப்பினேன். ஒன்று சிலிண்டர் அளவு, நிரப்பிய தேதி, படகில் யார் பொறுப்பு என்று படத்தோடு பதில் அனுப்பியது. அங்கேதான் பதிவு செய்யப்போகிறோம். கடைசி நாள் டைவ் வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டோம்.

தம்பிக்கு ஒரு கேள்வி. அன்று காலையே அவன் கம்ப்யூட்டர் சிவப்பு எச்சரிக்கை காட்டிப் பூட்டிக்கொண்டதாம். வழிகாட்டி தன்னுடைய இன்னொரு கம்ப்யூட்டரைக் கொடுத்து மதியம் இறக்கியிருக்கிறார். அது சரியா?

#19 வடக்குக்கரை | ஞாயிறு, இரவு 9.48

சரியில்லை. கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்வது, இந்த உடம்புக்கு இனி என்னால் கணக்குச் சொல்ல முடியாது என்பதற்காக. சில 24 மணி நேரம் பூட்டும், சில 48 மணி நேரம். புதிய கம்ப்யூட்டருக்குக் காலையில் நடந்தது எதுவும் தெரியாது, அது சுத்தமான உடம்பு என்று நினைத்துக் கணக்குப் போடும். அவன் உடம்பில் இருந்த நைட்ரஜன் அவன் உடம்பிலேயேதான் இருந்தது. பயணத்தில் யாராவது அப்படிக் கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். தம்பியின் ரெகுலேட்டர் அவனுடையதா, வாடகையா? அவனுடையது என்றால் போவதற்கு முன் சர்வீஸ் செய்துவிட்டு, குளத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டு போகட்டும்.

#20 செந்தூல்வாசி | ஞாயிறு, இரவு 10.03

அவனுடையதுதான் அண்ணா. செவ்வாய்க்கிழமை சர்வீஸுக்குக் கொடுக்கிறான், சனிக்கிழமை குளத்தில் நானும் கூட இறங்குகிறேன். அந்த ஐந்து நிமிடச் சோதனையை அச்செடுத்து நால்வர் பையிலும் வைக்கப்போகிறேன்.